நாலாவது கை

கட்டளை போய்விட்டது. விண்கலம் தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டது, இனி அது பூமியின் அந்தப் பக்கத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி நம் தலைக்கு மேல் வரும்வரை யாருக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஹமீது திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். அதற்குள் அங்கே, நம் யாருக்கும் எட்டாத இடத்தில், பெட்டிக்குள்ளிருந்து நான்கு கைகளும் நீண்டு, சூரிய வெளிச்சத்தில் ஓட வேண்டிய பாயை நான்கு மூலைக்கும் இழுத்து விரித்திருக்கும், அல்லது விரித்திருக்காது. நான் எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் போய் இடித்தது. பதற்றம் என்று நினைத்திருப்பார்கள், பாய் என்னுடையது, அதை மடித்தவள் நான், பதற்றம் இருக்கத்தானே செய்யும். அவர்கள் நினைப்பது பாதி சரி. கட்டுப்பாட்டு அறைக்குள் செல்போன் கூடாது, வாசலில் சுவரை ஒட்டி ஒரு இரும்பு அலமாரி, ஆளுக்கொரு சின்ன அறை, என்னுடையதில் சாவி நுழையவில்லை, தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். போனில் ஒன்றுமில்லை. திண்டுக்கல்லிலிருந்து அம்மா ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து நாயகம் சார் மனைவி பியூலா அக்கா கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்றால் அவர் இருக்கிறார் என்று அர்த்தம். அல்லது அவர் போய்விட்டார், சொல்ல வேண்டியவர்களின் வரிசையில் என் முறை இன்னும் வரவில்லை என்று அர்த்தம். முதலில் அவர் தம்பி, பிறகு பாளையங்கோட்டை அத்தை, பாஸ்டர், சபை ஆட்கள், அப்புறம் அலுவலகம், அலுவலகம் என்றால் முதலில் இயக்குநர். அதற்கெல்லாம் பிறகுதானே நான். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் அது அடிக்கும் என்று பயம், வைத்துவிட்டுப் போனால் அடித்துவிடும் என்று பயம். கையிலேயே வைத்துக்கொள்கிறேன்.

வராந்தாவில் வெயில் ஏறிவிட்டது. குன்றின் மேல் இருக்கிற கட்டடம் இது, இங்கே நின்றால் ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் வரிசையாக வெள்ளை வெளேரென்று தெரியும், காற்று வந்தால் அத்தனையும் ஒன்றாகப் படபடக்கும். நாயகம் டீ டம்ளரோடு இங்கேதான் நிற்பார். அருமைநாயகம் என்று முழுப் பெயர், எல்லோருக்கும் நாயகம் சார், எனக்கும் வாயில் நாயகம் சார்தான், மனசுக்குள் மட்டும் வெறும் நாயகம். பார்வையாளர் நாளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தால் சட்டைப் பையிலிருந்து நாலைந்து அரிசியை எடுத்து ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் வைப்பார். கனம் தெரியுதா என்று கேட்பார். தெரியல சார் என்று அது சொல்லும். பாட்மின்டன் கோர்ட் அளவுக்குப் பாய் விரித்தாலும் சூரிய வெளிச்சம் அதை இவ்வளவுதான் தள்ளும், ஆனால் நிற்காமல் தள்ளும், நாம் தூங்கும்போதும் தள்ளும், எரிபொருள் தீர்ந்துபோகும், வெயில் தீராது, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏறி ஏறிப் பூமியை விட்டே வெளியே போய் வெள்ளிக் கிரகத்துக்கோ செவ்வாய்க்கோ போய்விடலாம், பொறுமை மட்டும் வேண்டும் என்பார். பிள்ளைகளுக்கு ராக்கெட்தான் பிடிக்கும், நெருப்பும் சத்தமும். அவருக்கு இதுதான் பிடித்தது. சத்தமே இல்லாமல், என்னவென்றே தெரியாத அளவுக்கு, வருஷக்கணக்காகத் தள்ளிக்கொண்டே இருக்கிற ஒன்று. இப்போது என் முழங்கையில் வெயில் பட்டுச் சுடுகிறது, சூடுதான் தெரிகிறது, தள்ளுவது தெரியவில்லை. அவர் படுத்திருக்கிற அறையில் ஜன்னல் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் எதற்கு ஜன்னல் வைக்கப்போகிறார்கள், அங்கே குழல்விளக்கு மட்டும்தான், பகல் எது ராத்திரி எது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. இந்த நினைப்பு வேண்டாம். பாயை நினை. பாயில் மடிப்புகள், மேலும் கீழுமாக, பட்டுப்புடவைக் கொசுவம் மாதிரி, ஒன்றன்மேல் ஒன்று உரசாமல்.

மடித்தது தூய அறைக்குள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கையுறை, முகமூடி, தெரிவது கண் மட்டும். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய படலம், இரண்டு பக்கமும் அலுமினியப் பூச்சு, மூச்சு பட்டாலே நெளியும், அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் மாதக்கணக்கில் பேசாமலே மடித்தோம். தூக்கு என்றால் புருவத்தைத் தூக்குவார். நிறுத்து என்றால் கண்ணை மூடித் திறப்பார். அந்த வருஷத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்ததைவிட அவர் கண்ணைப் பார்த்ததுதான் அதிகம், இடது கண்ணோரத்தில் ஒரு மச்சம், சிரித்தால் அது மடிப்புக்குள் போய்விடும், முகமூடிக்குள் சிரிக்கிறாரா இல்லையா என்று அந்த மச்சத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். ஒரு நாள் கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை. படலத்தில் பட்டுத் திரும்புகிற விளக்கு என்று நினைத்தேன். மேசையைச் சுற்றிப்போய் வேறு பக்கமிருந்து பார்த்தேன். அன்றைக்கு வெளியே வந்து உடுப்பைக் கழற்றும்போது, சார், உங்க கண்ணு மஞ்சளா இருக்கு என்று சொன்னேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, கீழாநெல்லி சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார், சிரித்தார். சாயங்காலம் டாக்டரிடம் போனார். மஞ்சள் காமாலை இல்லை, கணையத்தில் கட்டி, அது பித்தக்குழாயை அடைத்திருக்கிறது, ஈரல்வரை பரவிவிட்டது. சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னேன், அந்த வார்த்தைக்குப் பின்னால் எல்லாம் வரிசையாக வந்தது. சொல்லாமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும் என்று தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தை தொண்டையில் கிடக்கிறது, கண்ணு மஞ்சளா இருக்கு, கண்ணு மஞ்சளா இருக்கு, டீ விழுங்கினாலும் கூடவே இறங்கி மறுபடி மேலே வருகிறது.

டீ. கேண்டீனுக்கு எப்போது வந்தேன். டம்ளர் கையில் இருக்கிறது. ஹமீது எதிரில் வந்து உட்கார்ந்து, நாயகம் சார் எப்படி இருக்காராம் என்று கேட்கிறான். தெரியல என்கிறேன். காலையில் இயக்குநர் ஆஸ்பத்திரியில் பேசிப் பார்த்தாராம், பாய் விரிவதை அவர் கட்டில் பக்கத்திலேயே திரையில் காட்டலாமா என்று, அந்தப் பிரிவுக்குள் எதுவும் கொண்டுவர விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். ஹமீது வடையைப் பிட்டு வைத்துக்கொண்டு தின்னாமல் இருக்கிறான். அவனுக்கும் துக்கம்தான். இங்கே எல்லோருக்கும் துக்கம்தான், அதில் என்னுடையது எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. அவர் போனால் அரைநாள் விடுமுறை விடுவார்கள், ஒரு வேன் ஏற்பாடு செய்வார்கள், ஊழியர்கள் எல்லோர் சார்பிலும் ஒரு மலர்வளையம். இரங்கல் கூட்டத்தில் நிறைய நாள் கூட வேலை பார்த்தவள் என்று என்னைப் பேசச் சொல்வார்கள், நானும் எழுந்துபோய் அவருடைய இழப்பு ஈடுசெய்ய முடியாதது என்று சொல்லிவிட்டு வந்து உட்காருவேன். மறுநாள் வேலைக்கு வருவேன். வராமல் இருக்க என்ன காரணம் எழுதுவது. மனைவிக்குக் காரணம் உண்டு, தம்பிக்கு உண்டு, பாளையங்கோட்டையில் எப்போதோ ஒரு தடவை பார்க்கிற அத்தைக்கு உண்டு. எனக்கு என்ன பெயர். காதல் என்று சொன்னால் அது பொய், அப்படி ஒரு வார்த்தையும் எங்களுக்குள் வந்ததில்லை, ஒருநாள் கை மேல் கை பட்டதில்லை. இல்லை என்று சொன்னால் அது அதைவிடப் பெரிய பொய். அம்மா ஜாதகங்களை அனுப்பி அனுப்பி ஓய்ந்துபோனாள், ஏன்டி என்று கேட்டு அழுதாள், எனக்கே பதில் தெரியாதபோது அவளுக்கு என்ன சொல்வது. காலையில் வேலைக்குப் போனால் ஒருவர் இருப்பார், பாயைப் பற்றிப் பேசுவோம், சாயங்காலம் வந்துவிடுவேன், அது போதுமாக இருந்தது அம்மா என்றா சொல்வது.

நீங்க. எப்போதும் நீங்க. இத்தனை வருஷமும் தமயந்தி நீங்க, தமயந்தி உங்க கணக்கு, தமயந்தி சாப்பிட்டீங்களா. தன்னைவிடச் சின்னவர்கள் எல்லோரையும் வா போ என்பவர், ஹமீதைப் பிடரியில் தட்டிக் கூப்பிடுவார், என்னை மட்டும் நீங்க. ஒரே ஒரு தடவை மாறியது. வெற்றிட அறையில் பாயை முதல்தடவை விரித்துப் பார்த்த அன்று, கண்ணாடித் துளைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேரும் தலையை ஒட்டி நின்று பார்க்கிறோம், கைகள் நீள்கின்றன, சுருட்டி வைத்த இஞ்சி டேப் நீள்கிற மாதிரி, பாய் கொசுவம் கொசுவமாக அவிழ்ந்து ஒரே பளபளப்பு, அப்போது நீ பாத்தியா என்றார். நீ பாத்தியா. உடனே, நாலாவது கை கொஞ்சம் தயங்குச்சு, கவனிச்சீங்களா என்றார். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் அந்த நீ வந்துவிட்டுப் போய்விட்டது. அதை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் நான். வாய்தவறி வந்ததாக இருக்கும். சந்தோஷத்தில் மனுஷனுக்கு மரியாதை மறந்துபோகும், பக்கத்தில் ஹமீது நின்றிருந்தாலும் நீ என்றுதான் வந்திருக்கும். ஹமீதிடம் எப்போதுமே நீதானே, அப்படியென்றால் அது எப்படிக் கணக்காகும். இப்படியே போய் இதே இடத்தில் வந்து நிற்பேன், பஸ்ஸில், குளிக்கும்போது, இப்போது இந்தக் கேண்டீனில் ஈ மொய்க்கிற சர்க்கரை டப்பாவைப் பார்த்துக்கொண்டு. ஆனால் பியூலா அக்கா முதல் நாளே என்னை நீ என்றாள். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் பத்துப் பதினைந்து பேர் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அச்சுமுறுக்குத் தட்டை என் மடியிலேயே வைத்துவிட்டு, ஒரு பாய் விரிக்கதுக்கா இத்தனை பேரு படிச்சிட்டு வந்திருக்கீங்க, நீயாவது சொல்லு என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், மச்சம் மடிப்புக்குள் போனது. சபைப் பாடகர் குழுவில் பாடுகிறவள், குரல் கணீரென்று இருக்கும், பாங்கில் வேலை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன், தனியாக. அதற்கு முன்னால் போனது அலுவலகக் கூட்டத்தோடு, ஆப்பிள் பையோடு, காலடியில் நின்றுவிட்டு வந்தோம். தனியாகப் போனபோது அவர் சாதாரண அறையில்தான் இருந்தார், இளைத்து, கழுத்தெலும்பு எழும்பி, தோலும் அந்த மஞ்சள். பியூலா அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, நீ இரி, நான் போய் ஒரு காபி குடிச்சிட்டு வாரேன் என்றாள். கதவு வரை போனவள் திரும்பிவந்து, என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, நீதான் அந்தக் கண்ணை முதல்ல பாத்தியாமே என்று கேட்டாள். ஆமாக்கா என்றேன். தினமும் நான் பார்க்கிற கண், எதிரில் உட்கார்ந்து சோறு தின்கிற கண், எனக்குத் தெரியலையே தமயந்தி என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சீக்கிரம் திரும்பி வரவும் இல்லை. ஒரு காபி குடிக்க யாருக்கும் அவ்வளவு நேரமாகாது. அந்த நேரத்தை அவள் எங்களுக்குக் கொடுத்தாள், இரண்டு பேருக்கும் அது தெரிந்தது, நாங்கள் என்ன பேசினோம். நாலாவது கையைப் பற்றிப் பேசினோம். வேறு ஒன்றும் பேசவில்லை. சோதனையில் எப்போதும் அதுதான் தயங்கியது, குளிரில் அதன் உருளை இறுகிவிடுகிறது என்பது அவர் சந்தேகம், விரிக்கச் சொல்வதற்கு முன்னால் கலத்தைத் திருப்பி அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டுங்கள், சூடேறினால் இளகும் என்றார். ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு வாங்கினார். சரி சார் என்றேன். எவ்வளவு திருப்புவது என்று கேட்டேன். விரலால் போர்வை மேல் கோணத்தைக் காட்டினார். கிளம்பும்போது, நாலாவதை மட்டும் பாத்துக்கோங்க என்றார். கோங்க. நான் வந்து அந்தத் திருப்பத்தைக் கட்டளையில் சேர்த்தேன், இன்றைக்குப் போன கட்டளையில் அது இருக்கிறது, இந்த நிமிஷம் அங்கே எங்கோ கடலுக்கு மேலே கலம் அந்தப் பக்கத்தை வெயிலில் காட்டிக்கொண்டிருக்கும். அது வேலை செய்தால் நான் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குள்.

கையில் போன் அதிர்ந்தது. பியூலா அக்கா.

கேண்டீனை விட்டு வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், அப்புறம்தான் எடுத்தேன். அவ்வளவு தூரம் நடந்தது எடுக்காமல் இருக்கத்தான். அக்கா என்றேன். அந்தக் கணீர்க் குரல், உடையவில்லை, ஆனால் அடங்கிப்போயிருந்தது. “போயிட்டாங்க தமயந்தி. இப்பத்தான். இன்னும் தம்பிகிட்டகூடச் சொல்லல, அவன் கீழ மருந்துக்கடைக்குப் போயிருக்கான்.” நான் தொட்டியின் சிமெண்டைப் பிடித்துக்கொண்டேன், ஈரமாக இருந்தது, பாசி வழுக்கியது. தம்பிக்கு முன்னால் எனக்கு. அவளே பேசினாள். காலையில் கொஞ்சம் தெளிந்ததாம், கண்ணைத் திறந்து இவளைப் பார்த்து, விரிஞ்சுதா என்று கேட்டாராம். அதற்குப் பிறகு பேச்சில்லை, மூச்சு மட்டும்தான், அதுவும் மெல்ல மெல்ல. “நான் இன்னும் தெரியலன்னு சொல்லிட்டேன். எனக்கு வாயில அதுதான் வந்துச்சு. விரிஞ்சிட்டுன்னு சொல்லியிருக்கலாம்லா? ஒரு வார்த்தை. சந்தோஷமா போயிருப்பாங்கள்லா? நீ சொல்லு. அவங்களை உனக்குத் தெரியும், நீ சொல்லு.” என்னைக் கேட்கிறாள். இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள், அவரைப் பற்றி என்னைக் கேட்கிறாள். கூட்டங்களில் யாராவது பெரும்பாலும் சரியாகிவிடும் சார் என்று இழுத்தால் அவருக்கு ஆகாது, பேனாவை மேசையில் வைத்துவிடுவார், சமாதானம் சொல்லாதே, தெரியாததைத் தெரியாதென்று சொல் என்பார், அப்படிச் சொன்னவனை அப்புறம் ஒரு நாளும் திட்டமாட்டார். அதை நான் பியூலா அக்காவிடம் சொன்னேன். “அக்கா, நீங்க பொய் சொல்லியிருந்தா அவருக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியலன்னு சொன்னீங்கள்ல, அதுதான் அவருக்குப் பிடிச்ச பதில்.” அவள் அழ ஆரம்பித்தாள். நானும் அழுதிருக்கலாம், வரவில்லை. விரிஞ்சதும் எனக்குச் சொல்லு, இல்லாட்டியும் சொல்லு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

தொட்டிப் பக்கத்தில் ஒரு காக்காய் சொட்டுகிற தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது. தலையைச் சாய்த்து ஒவ்வொரு சொட்டாக. அது குடித்து முடிக்கட்டும் என்று நிற்கிறேன், ஏனென்று தெரியவில்லை. இனி உள்ளே போக வேண்டும். சொல்ல வேண்டுமா. சொன்னால் ஹமீது உடைந்துபோவான், அவன்தான் எண்களைப் படிக்க வேண்டும், இயக்குநர் எழுந்து நின்று தலை குனிவார், எல்லோரும் நிற்பார்கள், கலம் தலைக்கு மேல் வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விடும், அதற்குள் நாலாவது கை சிக்கியிருந்தால் திருப்பி முயற்சி செய்ய ஒரு கட்டளையாவது அனுப்பியாக வேண்டும். பாத்துக்கோங்க என்றாரே. சொல்லவில்லை. இந்தக் கட்டடத்திலேயே நான் ஒருத்திதான் அவர் இல்லாத உலகத்தில் இருக்கிறேன், மற்ற எல்லோரும் இன்னும் அவர் இருக்கிற உலகத்தில் இருக்கிறார்கள், வடை தின்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். கழிவறையில் முகம் கழுவினேன். கண்ணாடியில் என் கண் வெள்ளையாக இருக்கிறது, சிவக்கக்கூட இல்லை. எப்படி ஒன்றுமே ஆகாத மாதிரி இருக்கிறது இந்த முகம். போனை அலமாரியில் வைத்துப் பூட்டும்போது இந்தத் தடவை சாவி சரியாக நுழைந்தது, அதற்காக என் கையின் மேல் எனக்குக் கோபம் வந்தது. உள்ளே குளிர். என் நாற்காலியை யாரோ நேராக்கி வைத்திருக்கிறார்கள். அவர் உட்காருகிற இடத்தில் யாரும் உட்காரவில்லை, பல மாதமாகவே யாரும் உட்காருவதில்லை, அதில் ஒரு ஹெட்போன் மட்டும் கிடக்கிறது, வயர் சுருட்டி. அவர் இப்போது எங்கே என்று மனசு கேட்கிறது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்று பதில் சொல்கிறேன், இல்லை அவர் எங்கே என்று மறுபடியும் கேட்கிறது. வருது என்றான் ஹமீது. ஒரு கோடு திரையில் எழும்பியது.

முதலில் சத்தம் மட்டும், இரைச்சல், பிறகு எண்கள் வர ஆரம்பித்தன, ஹமீது ஒன்றொன்றாகப் படிக்கிறான், மின்கலம் சரி, வெப்பநிலை சரி, முதல் கை கடைசி வரை நீண்டிருக்கிறது, பூட்டிக்கொண்டுவிட்டது. இரண்டு, பூட்டிக்கொண்டுவிட்டது. யாரோ மேசையைத் தட்டினார்கள். மூன்று. முகமூடி இல்லாமலே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேன், மேசைக்கு அந்தப் பக்கம் அவர் இருக்கிற மாதிரி. நாலாவது. ஹமீது படிக்கவில்லை. அந்த இடத்தில் எண் வரவில்லை, மோட்டார் ஓடியிருக்கிறது, முழுவதும் ஓடியிருக்கிறது, பூட்டியதற்கான அடையாளம் மட்டும் இல்லை. நீண்டு, பூட்டு விழாமல் இருக்கலாம். பாதியில் நின்றிருக்கலாம். எல்லாம் சரியாக இருந்து அந்தக் குட்டி ஸ்விட்ச் மட்டும் கெட்டுப்போயிருக்கலாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெரியல என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மறுபடி ஓட்டிப் பார்க்கலாமா என்று இயக்குநர் கேட்டார், வேண்டாம் சார், சிக்கியிருந்தால் கிழிந்துவிடும், அந்தப் பக்கத்தை இன்னொரு சுற்று வெயிலில் காட்டுவோம், அப்புறம் பார்ப்போம் என்றேன். என் வாயில் அவர் பேசுகிற மாதிரி இருந்தது. கட்டளை போனது. அதற்கப்புறம்தான் ஹமீது, இத பாருங்க என்றான். கலம் திரும்பிக்கொண்டிருக்கிறது. மிக மிக மெதுவாக, நாங்கள் சொன்ன திருப்பம் இன்னும் தொடங்காதபோதே, ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அங்கே காற்று கிடையாது, தொடுவதற்கு வேறு ஒன்றும் கிடையாது. பாய் மேல் வெளிச்சம் விழுந்து தள்ளுகிறது. நாலைந்து அரிசியின் கனம், அதை விடவும் குறைவாகக்கூட இருக்கலாம். அறையில் கைதட்டினார்கள், முழுசாக அல்ல, பாதி வெற்றிக்குத் தட்டுகிற மாதிரி, இயக்குநர் என் தோளைத் தொட்டு, நாயகத்துக்குச் சொல்லணுமே என்றார். சொல்றேன் சார் என்று எழுந்தேன். இயக்குநரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாசல் வரை போய்த் திரும்பிவந்து, அவர் போய்விட்டார் என்று சொன்னேன், கலம் இறங்கிவிட்டதைத் திரையில் பார்த்த பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி. ஹமீது ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். நான் வெளியே வந்துவிட்டேன்.

பியூலா அக்கா முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் நிறையப் பேர் இருந்தார்கள், யாரோ ஒரு பெண் ஏசப்பா ஏசப்பா என்று அழுதுகொண்டிருந்தாள், சக்கரம் வைத்த ஏதோ ஒன்றை உருட்டிக்கொண்டு போகிற சத்தம். மூன்று கை விரிந்துவிட்டது, நாலாவது தெரியவில்லை அக்கா என்றேன். ஏமாந்துபோனாளோ என்று பயந்து, இன்னும் வாய்ப்பிருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். “அந்த ரூமை விட்டு வெளிய கொண்டாந்துட்டாங்க, இன்னும் கீழ கொண்டுபோகல,” என்றாள். “வண்டி வரணும்னு சொல்லுதாங்க. காதுகிட்ட வைக்கேன். நீயே சொல்லு.” வேண்டாம் அக்கா என்று சொல்வதற்குள் சத்தம் மாறிவிட்டது. அழுகையெல்லாம் தூரப் போய்விட்டது. துணி உரசுகிற சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. மூச்சுக்குக் காத்திருந்தேன். பழக்கம். போனில் அவர் பேசுவதற்கு முன்னால் எப்போதும் ஒரு மூச்சு வரும்.

“சார்,” என்றேன். வராந்தாவில் யாருமில்லை. “மூணு கை பூட்டிக்கிச்சு சார். நாலாவது மோட்டார் முழுசா ஓடியிருக்கு, பூட்டு விழுந்ததா இல்லையான்னு தெரியல. இன்னொரு சுத்து வெயில்ல காட்டச் சொல்லியிருக்கேன்.” அதற்கு மேல் அறிக்கையில் சொல்ல எதுவும் இல்லை. இதோடு வைத்துவிடலாம். “கலம் லேசா திரும்புது சார். நாம திருப்பல. வெளிச்சம்தான் தள்ளுது.” காதில் போனை அழுத்திக்கொண்டு அப்படியே நின்றேன், அந்தப் பக்கத்து மௌனம் என் காதில் சூடாக இருந்தது. தூரத்தில் ஒரு ஆண் குரல், தம்பியாக இருக்கும், வண்டி வந்துட்டு மைனி, யாருகிட்ட போனைக் கொடுத்து வச்சிருக்கீங்க, யாரு லைன்ல என்று கேட்டது.

“அவங்களுக்கு வேண்டியவங்க,” என்றாள் பியூலா அக்கா. “கொஞ்சம் பொறு. பேசி முடிக்கட்டும்.”